வீடு துடைத்தால் வொர்க்அவுட்டா? கலோரி கணக்கில் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்?

காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவதில் தொடங்கி, இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை ஒரு நிமிடம் உட்கார நேரமில்லை. ஆனால், போனில் இருக்கும் கலோரி ஆப்பைத் திறந்தால், 'இன்றைய உடற்பயிற்சி: 0' என்று காட்டுகிறது. எதிர்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடந்தால் மட்டும் அவருடைய ஆப் கைதட்டிப் பாராட்டுகிறது. இது நியாயமா?

டயட் தொடங்கும் பலருக்கும் முதல் வாரத்திலேயே வரும் சந்தேகம் இது. வீடு பெருக்குவதை உடற்பயிற்சி என்று பதிவு செய்யலாமா? மூன்று மாடி ஏறி இறங்கியதை? கடைக்கு நடந்துபோனதை? கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டே சமைத்ததை? 'எல்லாமே உடற்பயிற்சிதான்' என்று ஒரு தரப்பு சொல்கிறது. 'ஷூ போட்டு வியர்த்தால்தான் உடற்பயிற்சி' என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டும் பாதி உண்மை. அந்தப் பாதியை முழுசாக நம்புவதில்தான் எடையும் சர்க்கரையும் ஏறிவிடுகின்றன.

புதுச்சேரிக்கு ஏன் இது முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வின் முடிவுகள் 2023 ஜூன் மாதம் வெளியாகின. இந்தியாவில் 20 வயதைத் தாண்டியவர்களில் 11.4 சதவிகிதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது என்றது அந்த ஆய்வு. மாநில வாரியான பட்டியலில் கோவா 26.4 சதவிகிதத்துடன் முதலிடம். அதற்கு நூலிழை வித்தியாசத்தில் இரண்டாவதாக நின்றது புதுச்சேரி: 26.3 சதவிகிதம். அதாவது, பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கும் சற்று அதிகம். அதே பட்டியலில் தமிழ்நாட்டின் அளவு 14.4 சதவிகிதம்.

விழுப்புரம் சாலையை ஒட்டியிருக்கும் ரெட்டியார்பாளையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திரா காந்தி சதுக்கம் ஒரு பக்கம், மூலக்குளம் மறுபக்கம். இரண்டுமே நடந்துபோகக்கூடிய தூரம்தான். ஆனால், பெரும்பாலானவர்கள் போவது ஸ்கூட்டரில் அல்லது டெம்போவில். பால் பாக்கெட் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குக்கூட வண்டியை எடுப்பது இன்று எல்லா ஊரிலும் பழக்கமாகிவிட்டது. வீட்டுக்குள் மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் வந்துவிட்டன. பாட்டி காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும் வாங்கிய வேலையை இன்று கரன்ட் பார்க்கிறது. ஆனால், 'நாள் முழுக்க வேலை செய்கிறோம்' என்ற நினைப்பு மட்டும் பாட்டி காலத்திலேயே நிற்கிறது.

இங்கேதான் கணக்கு தேவைப்படுகிறது. எது சேரும், எது சேராது என்று தெரியாமல் கலோரி எண்ணுவது, கடைக்காரர் மீதிச் சில்லறையை இரண்டு முறை கொடுத்துவிட்டார் என்று நினைத்துச் செலவு செய்வது போல.

ஒரு கேள்வி இல்லை, இரண்டு கேள்விகள்

'இது உடற்பயிற்சியா?' என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன.

முதல் கேள்வி: இந்த வேலை என் உடம்புக்கு நல்லதா? இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உதவுமா?

இரண்டாவது கேள்வி: இந்த வேலையைச் செய்ததற்காக இன்று நான் கூடுதலாகச் சாப்பிடலாமா?

முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வரும் பல வேலைகளுக்கு, இரண்டாவது கேள்விக்கு 'இல்லை' என்பதே பதில். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'மெட்' என்கிற அளவுகோல்

ஆப்களும் வாட்ச்களும் கலோரி கணக்குப் போடுவதற்குப் பின்னால் 'மெட்' என்ற ஓர் அளவு இருக்கிறது. சும்மா ஓய்வாக இருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தி ஒரு மெட். தோராயமாகச் சொன்னால், ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கலோரி. 55 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் சும்மா படுத்திருந்தாலே சுமார் 55 கலோரி செலவாகும். (ஆப்பில் 'கலோரி' என்று வருவது உண்மையில் கிலோ கலோரி. பேச்சுவழக்கில் எல்லோரும் கலோரி என்றே சொல்கிறார்கள்.)

அமெரிக்க ஆராய்ச்சியாளர் பார்பரா ஐன்ஸ்வொர்த்தும் அவர் குழுவினரும் எந்த வேலைக்கு எத்தனை மெட் என்று 1993-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அது பலமுறை திருத்தப்பட்டு, 2024-ல் புதிய பதிப்பும் வந்துவிட்டது. இன்று அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செயல்பாடுகள் இருக்கின்றன. அந்தப் பட்டியல்படி நம் வீட்டு வேலைகளின் மதிப்பு ஏறக்குறைய இப்படி:

• பாத்திரம் கழுவுவது, இஸ்திரி போடுவது: 1.8
• நின்றபடி சமைப்பது, காய் நறுக்குவது: 2
• வீடு பெருக்குவது: 3.3
• வீடு துடைப்பது: 3.5
• கையால் துணி துவைத்துப் பிழிந்து காயப்போடுவது: 4
• மெதுவாகப் படியேறுவது: 4
• வேகமான நடை (மணிக்கு ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல்): 4.3
• மளிகைப் பையைத் தூக்கிக்கொண்டு படியேறுவது: 7.5

3 மெட்டுக்குக் கீழே இருந்தால் அது லேசான வேலை. 3 முதல் 6 வரை மிதமான வேலை. 6-க்கு மேல் கடுமையான வேலை. அப்படிப் பார்த்தால், துடைப்பம் எடுத்து வீடு முழுக்கச் சுறுசுறுப்பாகப் பெருக்குவது 'மிதமான உடற்பயிற்சி' வரிசையில்தான் வருகிறது. அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது வரவில்லை. கால் வலிக்கிறது என்பதற்காக அது உடற்பயிற்சி ஆகிவிடாது.

ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ரெட்டியார்பாளையத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் ஓர் இல்லத்தரசி என்று கற்பனை செய்துகொள்வோம். எடை 55 கிலோ. அன்று அவர் செய்தது: இரண்டு மணி நேரச் சமையல், 40 நிமிடம் பாத்திரம், 20 நிமிடம் பெருக்குதல், 20 நிமிடம் துடைத்தல், மெஷின் ரிப்பேர் என்பதால் அரை மணி நேரம் கையால் துணி துவைத்தல். மொத்தம் 3 மணி 50 நிமிடம்.

இதையெல்லாம் ஆப்பில் ஒவ்வொன்றாகப் பதிந்தால் சுமார் 520 கலோரி வரும். பார்க்கவே சந்தோஷமாக இருக்கும். ஆனால், அந்த 3 மணி 50 நிமிடமும் அவர் சோபாவில் சாய்ந்திருந்தாலும் 210 கலோரி தானாகவே செலவாகியிருக்கும். அதைக் கழித்தால், வேலையால் உண்மையிலேயே கூடுதலாகச் செலவானது சுமார் 310.

'310-ம் நல்ல தொகைதானே! அரை மணி நேர வேக நடையில் அதே ஆளுக்குக் கூடுதலாகச் செலவாவது 90 கலோரிதானே?' என்று கேட்கலாம். சரிதான். வீட்டு வேலை உழைப்பு இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த 310 ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்டது.

அதே வேலையை எழுதுவது இரண்டு முறை

கலோரி ஆப்பில் கணக்கு தொடங்கும்போது ஒரு கேள்வி வரும். 'உங்கள் அன்றாட வாழ்க்கை எப்படிப்பட்டது? உட்கார்ந்த வேலையா, மிதமான உழைப்பா, கடின உழைப்பா?' பலரும் யோசிக்காமல் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால், மொத்தக் கணக்கும் அந்த ஒரு தட்டலில்தான் நிற்கிறது.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவையான சக்தி இது:

• உட்கார்ந்த வாழ்க்கை: 1,660 கலோரி
• மிதமான உழைப்பு: 2,130 கலோரி
• கடின உழைப்பு: 2,720 கலோரி

65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இதே வரிசையில் 2,110, 2,710, 3,470.

இதில் முதல் நிலையான 'உட்கார்ந்த வாழ்க்கை' என்பது 24 மணி நேரமும் கட்டிலில் படுத்திருப்பது இல்லை. உடம்பின் ஓய்வுச் செலவைப் போல 1.4 மடங்கு. அந்தக் கூடுதல் 0.4-க்குள் குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, வீட்டுக்குள் நடமாடுவது எல்லாம் அடக்கம்.

மேலே சொன்ன இல்லத்தரசியின் நாளையே முழுசாகக் கூட்டிப் பார்க்கலாம். எட்டு மணி நேரத் தூக்கம், 3 மணி 50 நிமிட வீட்டு வேலை, மீதி நேரம் உட்கார்ந்தும் மெல்ல நடமாடியும் கழிகிறது. 24 மணி நேரத்துக்கும் சராசரி எடுத்தால் வருவது ஏறக்குறைய 1.4 மெட். கையால் துணி துவைத்த நாளிலேயே அவ்வளவுதான். ஆக, அவருக்கான சரியான தொடக்கம் 1,660. வீட்டு வேலை அதற்குள்ளேயே இருக்கிறது.

இப்போது தவறு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 'நாள் முழுக்க வேலை செய்கிறேனே' என்று அவர் 'மிதமான உழைப்பு' என்பதைத் தேர்ந்தெடுக்கிறார். 2,130 ஆகிவிட்டது. அதன் பிறகு பெருக்கியது, துடைத்தது, சமைத்தது எல்லாவற்றையும் தனித்தனியாகப் பதிகிறார். இன்னொரு 520. மொத்தம் 2,650. இது நாள் முழுக்கக் கடின உழைப்பு செய்யும் பெண்ணுக்கான 2,720-க்குக் கிட்டத்தட்டச் சமம். உண்மையில் அவர் உடம்பு கேட்டது அதைவிட ஏறத்தாழ ஆயிரம் கலோரி குறைவு. 'ஆப் சொன்னபடிதான் சாப்பிட்டேன், ஆனாலும் எடை ஏறுகிறது' என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இதுதான் காரணம்.

மூன்றாவதாக இன்னொரு வழியிலும் தவறு புகும். போன் தானாகவே காலடிகளை எண்ணி கலோரி சேர்த்துவிடும். அது தெரியாமல், 'அரை மணி நேரம் நடந்தேன்' என்று கையாலும் பதிந்துவிடுவோம். நடந்தது ஒரு முறை. எழுதியது இரண்டு முறை.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

வட அயர்லாந்தில் 4,563 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பை வைத்து 2013-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. தங்கள் உடலுழைப்பில் வீட்டு வேலையை அதிகமாகக் கணக்கு காட்டியவர்களின் உடல் எடை, எதிர்பார்த்ததற்கு மாறாக, கூடுதலாக இருந்தது. வீட்டு வேலை எடையை ஏற்றுகிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகமாகச் செய்தோம் என்பதை மக்கள் கூட்டிச் சொல்லியிருக்கலாம். அல்லது, செய்த வேலைக்கு ஈடாகக் கொஞ்சம் அதிகம் சாப்பிட்டிருக்கலாம். ஆய்வாளர்கள் சொன்ன விளக்கங்கள் இவை.

ஆனால், ஆரோக்கியம் என்று வரும்போது கதை மாறுகிறது. 17 நாடுகளில், இந்தியாவும் சேர்த்து, 1,30,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த 'ப்யூர்' ஆய்வின் முடிவு 2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. பொழுதுபோக்குக்காகச் செய்யும் உடற்பயிற்சி மட்டும் இல்லை. வீட்டு வேலை, நடந்து வேலைக்குப் போவது, பணியிடத்தில் உடலுழைப்பு ஆகியவையும் இதய நோயும் அகால மரணமும் குறைவாக இருப்பதோடு தொடர்புடையவை என்று அது காட்டியது.

இதற்கெல்லாம் முன்னோடி, லண்டன் பேருந்துகளில் நடந்த ஆய்வு. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-ல் அதை வெளியிட்டார். இரட்டை மாடிப் பேருந்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மேலும் கீழும் படியேறி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அந்தக் கண்டக்டர்கள் யாரும் உடற்பயிற்சி செய்வதாக நினைத்து ஏறவில்லை. வேலையைத்தான் பார்த்தார்கள்.

2022-ல் வந்த இன்னோர் ஆய்வு, உடற்பயிற்சியே செய்யாத 25,000-க்கும் மேற்பட்ட பிரிட்டன் மக்களின் அசைவுகளைக் கருவி மூலம் பதிவு செய்தது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, மூட்டையோடு படியேறுவது போன்ற மூச்சு வாங்க வைக்கும் அசைவுகள் ஒரு நாளைக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடங்கள். அவ்வளவுதான். அப்படி அசைந்தவர்களின் மரண ஆபத்து, அது எதுவுமே இல்லாதவர்களைவிட 38 முதல் 40 சதவிகிதம் குறைவாக இருந்தது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான், காரணத்தை நிரூபிக்கும் ஆய்வு இல்லை. ஆனாலும், சும்மா விட்டுவிடக்கூடிய தகவல் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. இரண்டு மாடி ஏற அரை நிமிடம் போதும். அதில் செலவாகும் கலோரி, அரை டீஸ்பூன் சர்க்கரைக்குக்கூட ஈடாகாது. கலோரி கணக்கில் அது தூசு. இதயத்துக்கோ நல்ல மருந்து. இதனால்தான் இரண்டு கேள்விகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மூன்று கூடைகளில் போடுங்கள்

ஒவ்வொரு வேலையையும் எழுதும் முன் இந்த மூன்று கூடைகளில் எதில் விழும் என்று பாருங்கள்.

முதல் கூடை: எதிலும் சேர்க்க வேண்டாம். சமையல், பாத்திரம், இஸ்திரி, கோலம், பூஜை அறை சுத்தம், பூ கட்டுவது, கடையில் கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பது, ஸ்கூட்டர் ஓட்டுவது. உட்கார்ந்தே இருப்பதைவிட இவை நிச்சயம் நல்லவை. ஆனால், இவை அன்றாட நடமாட்டம். ஆப்பில் முதல் நாள் நீங்கள் தேர்ந்தெடுத்த நிலைக்குள் இவை ஏற்கெனவே இருக்கின்றன.

இரண்டாவது கூடை: நிமிடக் கணக்கில் சேருங்கள், கலோரி கணக்கில் வேண்டாம். மூச்சு கொஞ்சம் வேகமாகும்படி வீடு பெருக்கித் துடைப்பது, கையால் துணி துவைப்பது, லிஃப்ட் இல்லாத வீட்டில் படியேறுவது, தினமும் நடந்தோ சைக்கிளிலோ வேலைக்கோ பள்ளிக்கோ போவது, தண்ணீர் கேனை மாடிக்குத் தூக்குவது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நிமிடங்களில் இவற்றைத் தாராளமாகச் சேர்க்கலாம். முன்பு, 'தொடர்ந்து பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு' என்ற விதி இருந்தது. 2020-ல் வந்த புதிய வழிகாட்டுதலில் அந்த விதி எடுக்கப்பட்டுவிட்டது. ஐந்து நிமிடம் செய்தாலும் ஐந்து நிமிடம்தான். ஆனால், தினமும் செய்வதாக இருப்பதால் இதற்காக ஒரு தோசை கூடுதலாக வேண்டாம்.

மூன்றாவது கூடை: இரண்டிலும் சேருங்கள். வழக்கத்துக்கு மேல் புதிதாகச் செய்வது. கடற்கரைச் சாலையில் அரை மணி நேர வேக நடை, நீச்சல், ஷட்டில், ஸ்கூட்டரை விட்டுவிட்டு மிதிக்கத் தொடங்கிய சைக்கிள், நடன வகுப்பு. போகிக்கு முதல் நாள் பரணில் இருப்பதையெல்லாம் இறக்கி, ஒட்டடை அடித்து, சுவரைத் தேய்த்துக் கழுவும் நாளும் இதில் சேரும். வீடு மாறும் நாளும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு முறை வரும் வேலை உங்கள் அன்றாடக் கணக்கில் இல்லை அல்லவா?

எந்தக் கூடை என்று சந்தேகம் வந்தால் மூன்று கேள்விகள் போதும்.

1. இதைச் செய்யும்போது பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லையா? அப்படியென்றால் மிதமான உழைப்பு. பாடவும் முடிகிறது என்றால் லேசான வேலை. நான்கு வார்த்தை பேசவே மூச்சு வாங்கினால் கடுமையான உழைப்பு.

2. உண்மையில் எத்தனை நிமிடம்? நடுவில் போன் பேசியது, சீரியல் பார்த்தபடி நின்றது எல்லாம் கழித்துச் சொல்லுங்கள்.

3. கலோரி எண்ணத் தொடங்குவதற்கு முன்பும் இதைச் செய்துகொண்டிருந்தீர்களா? ஆமாம் என்றால், அந்த வேலையோடு சேர்த்துத்தான் இன்றைய எடை வந்திருக்கிறது. அதற்காகக் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை இன்னும் ஏறும்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பெரும்பாலான சந்தேகங்கள் அதிலேயே தீர்ந்துவிடும்.

வாட்ச் சொன்னால் சரியாக இருக்குமா?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-ல் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தது. இதயத் துடிப்பை ஆறு கருவிகள் நன்றாகவே அளந்தன. ஆனால், கலோரி செலவில் எல்லாமே தடுமாறின. அவற்றில் மிகச் சரியான கருவியே சராசரியாக 27 சதவிகிதம் தவறியது. மோசமான கருவி தவறியது 93 சதவிகிதம்.

அப்போதிலிருந்து கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும், கை அசைவை வைத்து ஊகிப்பது என்ற அடிப்படை மாறவில்லை. மாவு பிசைவதைச் சில நேரம் நடையாக எண்ணும். இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தால் பல காலடிகளைத் தவறவிடும். அதனால், வாட்ச் காட்டும் கலோரியை ஒரு குத்துமதிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கூடை வேலைகளுக்குக்கூட, அது சொல்வதில் பாதியை மட்டும் கணக்கில் எடுத்தால் நஷ்டம் இல்லை.

10,000 காலடிகள் என்ற இலக்கும் மருத்துவ விதி இல்லை. 1965-ல் ஜப்பானில் ஒரு நிறுவனம் காலடி எண்ணும் கருவியை 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்ற பொருள் தரும் பெயரில் விற்றது. அந்தப் பெயரிலிருந்து பிறந்த எண்தான் இது. நேற்று 3,000 நடந்தவருக்கு இன்று 5,000 நடப்பதே பெரிய முன்னேற்றம்.

உழைப்பாளிகள், பெரியவர்கள், பிள்ளைகள்

கட்டட வேலை, சுமை தூக்கும் வேலை, கூடையைத் தலையில் வைத்து மீன் விற்கும் வேலை ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு இந்த மொத்தக் கட்டுரையும் வேறு மாதிரி பொருந்தும். அவர்கள் ஆப்பில் 'கடின உழைப்பு' என்று தேர்ந்தெடுப்பது நியாயம். அவர்களுக்குத் தேவை இன்னும் ஒரு மணி நேர நடை இல்லை. ஓய்வும் சத்தான சாப்பாடும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் மெஷின் முன் நிற்பவர் நிலை வேறு. நிற்பது களைப்பைத் தரும். ஆனால், மூச்சை வேகமாக்காது. அவருக்குத் தனியாக நடை தேவை.

வயதானவர்களுக்குக் கலோரியைவிட முக்கியமானது தசை பலமும் விழாமல் நிற்கும் சமநிலையும். வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை, மூன்று நாள் சமநிலைப் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போன்றவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. ஆப்பில் இவற்றுக்குப் பெரிய கலோரி வராது. அதனால் விட்டுவிடக் கூடாது.

5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் ஓடியாடும் விளையாட்டு வேண்டும். அவர்களைக் கலோரி எண்ண வைக்கவே வேண்டாம். தெருவில் விளையாட விட்டால் போதும்.

இன்சுலின் போடுபவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் உணவைக் குறைப்பதற்கும் புதிய பயிற்சி தொடங்குவதற்கும் முன்னால் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். சாப்பாட்டைக் குறைத்து நடையைக் கூட்டும்போது, சில மருந்துகளோடு சேர்ந்து சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

நான்கு வாரச் சோதனை

எந்த ஆப்பும் உங்கள் உடம்பைவிடச் சரியாகக் கணக்குப் போடாது. அதனால், இப்படிச் செய்து பாருங்கள். ஆப்பில் உங்கள் நிலையைப் பெரும்பாலும் 'உட்கார்ந்த வாழ்க்கை' என்றே வையுங்கள். மூன்றாவது கூடையில் விழுவதை மட்டும் பதியுங்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரம், காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். நான்கு வாரம் கழித்து எடை மெல்ல இறங்கினால் கணக்கு சரி. அப்படியே நின்றால் எங்கேயோ இரண்டு முறை எழுதுகிறீர்கள், அல்லது சாப்பிட்டதில் ஏதோ விட்டுப்போகிறது. வேகமாக இறங்கி, தலை சுற்றலும் சோர்வும் வந்தால் நீங்கள் நினைத்ததைவிட உங்கள் உழைப்பு அதிகம். சாப்பாட்டைக் கூட்ட வேண்டும்.

சாப்பாட்டுப் பக்கம் விட்டுப்போவது பெரும்பாலும் எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. வீடு முழுக்கத் துடைப்பதில் கூடுதலாகச் செலவாகும் 45 கலோரி, அதில் பாதிக்குக்கூட வராது. தாளிக்கும்போது கை சற்றுத் தாராளமாகச் சாய்ந்தால் துடைத்த கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

துடைப்பம் யார் கையில்?

கடைசியாக ஒன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-ல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடம். இன்னொரு பக்கம், இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவிகிதம் பேருக்கும் போதுமான உடலுழைப்பு இல்லை என்று 2024-ல் 'லான்செட்' குழும இதழில் வந்த ஆய்வு சொல்கிறது.

கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் வீட்டில் வேலை செய்பவருக்குத்தான் உடற்பயிற்சி குறைவு. முரணாகத் தோன்றும். ஆனால், மேலே பார்த்த மெட் பட்டியலை வைத்துப் பார்த்தால் புரியும். அந்த ஐந்து மணி நேரத்தில் பெரும்பகுதி அடுப்படியிலும் சிங்க் முன்னாலும் நின்றபடி போகிறது. உடம்பைக் களைக்க வைக்க அது போதும். இதயத்துக்கு அது போதாது. தனக்கென்று அரை மணி நேரம் நடக்க நேரமும் மிஞ்சுவதில்லை. 'வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே' என்று சொல்லி அந்த அரை மணி நேரத்தையும் அவரிடமிருந்து எடுத்துவிடுகிறோம்.

இதற்கு வழி சுலபம். வீட்டு வேலைகளில் 3 மெட்டுக்கு மேல் இருப்பவை பெருக்குவதும் துடைப்பதும் துவைப்பதும். இவற்றை நாள் முழுக்க உட்கார்ந்த வேலை பார்க்கும் கணவரோ, கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ எடுத்துக்கொண்டால், அவர்களுக்கு அது மூன்றாவது கூடை. புதிய பழக்கம் என்பதால் நிமிடத்திலும் சேரும், கலோரியிலும் சேரும். அந்த நாற்பது நிமிடத்தில், வாகனங்களை நிறுத்திவிடும் மாலை வேளையில், வீட்டுத் தலைவி கடற்கரைச் சாலையில் காற்று வாங்கியபடி வேகமாக நடந்துவிட்டு வரலாம். அவருக்கும் அது மூன்றாவது கூடை.

வீட்டில் இருப்பது அதே துடைப்பம்தான். கை மாறினால் இரண்டு பேருக்கு உடற்பயிற்சி.